காளை சீரியஸ் என்று ஒரு தந்தி

ஒச்சாண்டம்மன் துணை

எழுமலை
12.6.1983

என் அருமை மகள் அழகம்மாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே ஆட்களும் சுகம், ஆடு மாடுகளும் சுகம், உன் அப்பாவின் வாய் மட்டும் எப்போதும்போல கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருக்கிறது. அந்த டெல்லி வெயிலில் நீயும், உன்னோடு ஹாஸ்டல் அறையில் இருக்கும் அந்த மலையாளத்துப் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அப்பா எழுதும் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி மட்டும் எழுதுகிற அம்மா இன்றைக்கு முழுக் கடிதத்தையும் தானே எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த கைதான், எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் மறந்துபோகவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றுகொண்டே படிக்காதே. சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ எழுதிய கடிதம் போன மாதக் கடைசித் திங்கட்கிழமை வந்தது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் உனக்குப் பதினோராவது இடம் என்ற வரியைப் படித்ததும் உன் அப்பா கடிதத்தை அப்படியே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். அதற்குக் கீழே நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கவே இல்லை. டீக்கடையில் பதினோராவது இடம் என்று சொன்னவர் அரிசிக்கடையில் அஞ்சாவது இடம் என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உன்னை முதல் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். உன் தம்பி சுருளி மேலூர் கொட்டாம்பட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறான் அல்லவா, அவனுக்கும் ஆள் விட்டுச் செய்தி போய், அவன் பஸ்ஸில் ஏறியவர்களிடம் எல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து இதையும் கொடுத்திருக்கிறான். உன் காளை மாமன் சாயங்காலம் வந்து, நம்ம பக்கத்துல கோர்ட்டுப் படி ஏறாத வீடு இல்லைக்கா, கோர்ட்டுக்குள்ள போயி நாலு வார்த்தை பேசத் தெரிஞ்ச ஆளுதான் ஒரு வீட்டுலயும் இல்ல, இனிமே நம்ம பிள்ள இருக்கு என்றான். சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும், உனக்கே தெரியும்.

மீதிக் கடிதத்தை நான்தான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்தேன். நுழைவுப் பரீட்சையில் இவ்வளவு எடுத்த பெண் பி.ஏ.யில் நாற்பத்து மூன்று சதவீத மார்க்கில் மூன்றாம் வகுப்பு வாங்கியது எப்படி, இரண்டும் பொருந்தவில்லையே, இதற்கு எழுத்து மூலம் விளக்கம் எடுத்துக்கொண்டு வரும் இருபத்தொன்பதாம் தேதி இன்டர்வியூவுக்கு வா என்று காலேஜில் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பார்த்து எழுதியிருப்பேனோ என்று அவர்கள் சந்தேகப்படுகிறார்களோ என்னவோ என்றும் எழுதியிருந்தாய். அதனால் பி.ஏ. கடைசிப் பரீட்சைச் சமயத்தில் உனக்கு மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அந்த வருஷத் தேதி போட்டு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். அதற்கு அடுத்த வரியில் நீ எழுதியதை நான் பார்க்காமலே சொல்வேன், அவ்வளவு தடவை படித்துவிட்டேன். ‘அம்மா, ஒரு தந்தியைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாமல் பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவந்தவள் என்று அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் எப்படிச் சொல்வேன், அந்த முட்டாள்தனத்துக்குக் காமாலையே மேல்.’ இப்படி எழுதியிருந்தாய். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது, அப்பா கேட்டதற்கு விறகு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சர்டிபிகேட் என்றதும் உன் அப்பா ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. காளை மாமனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், தனக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டரைப் பிடித்துவிட்டார். அந்த ஆள் எந்த வருஷத்துக் காமாலை வேணும் என்று கேட்டிருக்கிறார். எழுபத்தாறு ஏப்ரல் என்று சொன்ன உன் அப்பா, வெறும் காமாலைன்னு போட்டா டெல்லிக்காரன் மதிக்க மாட்டான், கூடக் கொஞ்சம் டைபாய்டும் சேத்துப் போடுங்க என்றாராம். ரெண்டும் ஒண்ணா வந்தா ஆளு இருக்காதுண்ணே, சர்டிபிகேட்ட யாருக்குக் குடுக்குறது என்று கம்பவுண்டர் கேட்க, அதற்குப் பிறகுதான் காமாலையோடு விட்டிருக்கிறார். வியாழக்கிழமை முத்திரை போட்ட சர்டிபிகேட் வீட்டுக்கு வந்தது. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். நான் முற்றத்தில் வேலையாகப் போகவர அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகு, அதை உனக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தந்தி விஷயம் உனக்குத் தெரிந்தவரைக்கும் எப்படி என்று முதலில் சொல்கிறேன். நீ கன்றிலிருந்து கையில் வைத்து ஊட்டி வளர்த்த செவலைக்காளை அந்த வருஷம் மாசி மாதம் ஜல்லிக்கட்டில் காலில் அடிபட்டு, புண் ஆறியும் மனசு ஆறாமல், சித்திரை பிறக்கிற சமயத்தில் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. உன்னை வரச் சொல்லி நான் தந்தி கொடுத்தேன். காளைக்கு முடியவில்லை என்று நான் மாட்டைச் சொல்ல, தந்தி ஆபீஸ் வெள்ளைத்துரை ஆளா மாடா என்று கேட்காமல் ‘காளை சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்று இங்கிலீஷில் அடித்துவிட்டார். ஹாஸ்டலில் தந்தியைப் பார்த்த நீ உன் தாய்மாமன் காளைக்குத்தான் உயிருக்கு ஆபத்து என்று நினைத்து, மறுநாள் பரீட்சையை விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தாய். வந்து பார்த்தால் உன் மாமன் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறான். நீ ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழ, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்து அவனும் ஓவென்று அழ, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே இரண்டு பேரும் தெருவைக் கூட்டிவிட்டீர்கள். அப்புறம் நீ நாலு நாள் தங்கி உன் கையால் பருத்திக்கொட்டையும் உளுந்தம்பொட்டும் ஊட்ட, செவலை எழுந்து நின்றது. அதற்குள் இரண்டு பேப்பர் போய்விட்டது, மீதியைக் கலங்கிய மனசோடு எழுதினாய், விட்டதை அக்டோபரில் எழுதினாய், மூன்றாம் வகுப்பு வந்தது. இதுதான் ஊருக்கும் உனக்கும் தெரிந்த கதை.

இதை வைத்து ஊர் சிரித்த சிரிப்பும் உனக்குத் தெரியும். பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு மாமனுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியலையாம்ல என்று எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கேட்டார்கள், உனக்குத் ‘தந்தி அழகு’ என்று பெயரும் வைத்தார்கள். நீயும் கூடவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். பிறகு ஒவ்வொரு விசேஷமாக வராமல் நின்றாய். ஸ்டாஃப் செலக்‌ஷன் பரீட்சை எழுதி, வேலை டெல்லியில் என்று ஆர்டர் வந்தபோது, இவ்வளவு தூரமா என்று எல்லோரும் மலைத்தார்கள், நீ மட்டும் தூரம்தான் நல்லது என்று சொன்னாய். நானும் உன்னோடு சிரித்தவள்தான். பந்தியில் உட்கார்ந்து பலபேர் சிரிக்கும்போது நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் நடந்தது இதுதான். செவலை நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை. உன் அப்பாவும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தொழுவத்தில் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு இனிமே அது மனசு வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மாடு போய்விடும் என்பதைவிட அதோடு உன் அப்பாவும் படுத்துவிடுவாரோ என்ற பயம்தான் அதிகம். அதன் மனசு யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் தந்தி ஆபீசுக்குப் போனேன். காளைக்கு ரொம்ப முடியல, எம்மகள உடனே பொறப்பட்டு வரச் சொல்லி அடிங்கண்ணே என்றேன். வெள்ளைத்துரை அண்ணன் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்து, ஏம்மா, காளைன்னா ஆளா மாடா என்று கேட்டார். கேட்டார் அழகு, கேட்காமல் இல்லை. மாடுதான் என்றேன். அப்பன்னா புல்லு சீரியஸ்னு போடணும் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புல்லும் திங்கல, வைக்கலும் திங்கலண்ணே, அதுக்காகத்தான வந்திருக்கேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இங்கிலீஷ்ல காளைமாட்டுக்குப் பேரே புல்லுதாம்மா என்று விளக்கினார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. புல் என்று இங்கிலீஷில் வந்தால் நீ அது மாடு என்று தெரிந்துகொள்வாய், பரீட்சையை முடித்துவிட்டுத்தான் வருவாய். காளை என்று மட்டும் இருந்தால் அன்றைக்கே கிளம்பி வருவாய். வேணாம்ணே, காளைன்னே போடுங்க என்றேன். அவர் மறுபடியும், பிள்ளைக்குத் தாய்மாமன் பேரும் காளைதானம்மா, தப்பா நெனச்சுப் பதறிரும்ல என்றார். அதெல்லாம் எம்மகளுக்குப் புரியும், நீங்க போடுங்க என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். உனக்குப் பரீட்சைச் சமயம் என்று எனக்குத் தெரியும், திங்கட்கிழமை தொடங்குகிறது என்று நீ எழுதியிருந்தாய். பரீட்சையை நான் பஸ் மாதிரி நினைத்துவிட்டேன், ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று. நீ வந்து மாமனைக் கட்டிக்கொண்டு அழுததும், தெரு கூடியதும், எல்லோரும் என்னைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வெள்ளைத்துரைக்கு ஆளும் மாடும் தெரியல, நான் என்ன செய்ய என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னது சொன்னதாகவே நின்றுவிட்டது. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம், பிள்ளை பாஸானதும் சொல்லலாம், வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, அதை நேரில் வந்து கேட்கிறேன். ஆனால் இதை மட்டும் எழுதுகிறேன், நீ அந்தத் தந்தியைச் சரியாகத்தான் படித்தாய். உன் படிப்பில் ஒரு குறையும் இல்லை.

சர்டிபிகேட் வந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். நான் எழுதிக் கொடுத்த தந்தித் தாளின் நகல் எதாவது ஆபீசில் இருக்குமா, காலேஜுக்குக் காட்டலாமா என்று கேட்கத்தான் போனேன். அதெல்லாம் கொஞ்ச மாசத்துல எரிச்சுருவாங்கம்மா என்றார். போகட்டும் என்று எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அண்ணே, ஏழு வருசமா உங்க மேல பழியப் போட்டுட்டேன், டீக்கடைக்குப் போனாக்கூட ஆளா மாடான்னு உங்களக் கேலி பண்றாங்களே, நீங்க ஒரு நாள்கூட உண்மையச் சொல்லலையே என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை உனக்கு அப்படியே எழுதுகிறேன். யாரு வந்தாங்க, என்ன தந்தி குடுத்தாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தானம்மா வேலைக்குச் சேந்தேன், ரிட்டயரானா அந்தக் கையெழுத்து அழிஞ்சா போகும் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் அங்கே உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்து, இந்த மனுசன் எங்கிட்டக்கூட இம்புட்டு நாளா சொல்லலையே என்று தன் பங்குக்கு அவரைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். பாவம், நான் போய் அந்த வீட்டிலும் ஒரு சண்டையை மூட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். வையப் போகிறார் என்று காத்திருந்தேன், வையவில்லை. திரும்பி வந்து, நான் ரெண்டு நாளு திங்காம உக்காந்ததுக்கு எம்மகளுக்கு மூணாங்கிளாஸா என்று கேட்டார். மறுநாள் காலையில் காலண்டருக்குப் பின்னால் இருந்த சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் அந்தக் கம்பவுண்டரிடமே திருப்பிக் கொடுத்து, எம்மகளுக்குக் காமாலை சரியாப் போச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். உன் மாமன் காளை முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு திடீரென்று முகத்தை மாற்றிக்கொண்டு, அப்ப என் கூடப்பொறந்த அக்காவே நான் சாகக் கெடக்கேன்னு தந்தி அடிச்சிருக்கா என்றான். அதைக் கேட்க எனக்குச் சுருக்கென்றது. அவனே அதையும் சிரிப்பாக்கி, இதுக்குத் தெண்டம் ஒரு சேவல், அதுவும் நீயே அறுத்துக் கொழம்பு வெக்கணும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மாப்ள, டெல்லிக்கே போறேன், அந்தக் காளை நாந்தான்னு ஆபீசருங்க முன்னால நிக்கிறேன் என்று உன் தம்பி சுருளியிடம் டிக்கெட் விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன், வந்தாலும் வருவான்.

வீட்டுக்குள் சொன்னது போதாது என்று எனக்குப் பட்டது. சிரித்தது ஊர் அல்லவா. முந்தாநாள் வெள்ளிக்கிழமை காசிமாயன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் காசிமாயன் பெண்டாட்டி, தந்தி அழகு வக்கீலுக்குப் படிக்கப் போகுதாமே, கோர்ட்டுல மாட்டக் கூப்புட்டா மாமன் வந்து நிப்பாரோ என்று கேட்டாள், சுற்றிலும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்து நேராக மைக் செட்டுக்காரனிடம் போனேன். யார் யார் சீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கூவிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். எல்லாரும் கேட்டுக்கங்க, எம்மக தந்தியச் சரியாத்தான் படிச்சா, மாட்டுக்கு முடியலன்னு எழுத வேண்டிய தந்தியில மாமனுக்கு முடியலங்குற மாதிரி எழுதச் சொன்னது நாந்தான், வெள்ளைத்துரை அண்ணன் மேலயும் தப்பு இல்ல, இனிமே கேலி பண்ணணும்னா என்னயப் பண்ணுங்க, எம்பிள்ளயப் பண்ணாதீக என்று சொல்லிவிட்டேன். நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும், குழாய் இரண்டு வேப்ப மரத்தில் கட்டியிருந்தது. சமையல்காரர்கள்கூட கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உன் அப்பா தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன், மனிதர் எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போனபோது ஒருத்தி என்னைத் ‘தந்தி ஒச்சாயி’ என்று கூப்பிட்டாள். சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதுதான் உன் விளக்கம். நடந்ததை நான் தமிழில் எழுதி, வெள்ளைத்துரை அண்ணன் அதை இங்கிலீஷில் எழுதித் தந்திருக்கிறார். தந்தி கொடுத்தவளே சொல்லச் சொன்னால் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, தந்தியைத் தானே அடித்ததாகச் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இந்தத் தடவை புல் என்றே தெளிவாகப் போட்டிருக்கிறார், சரிபார்த்துக்கொள். உன் மாமன், ‘மேற்படி காளை நான்தான், அன்றும் இன்றும் திடமாக இருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறான், அந்த வரி வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. என் பெயரைப் புருஷன் பெயரோடு சேர்த்து முழுதாக எழுதவேண்டும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் உன் அப்பா பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எம்மகளுக்காகத்தான, எழுது எழுது என்று அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், பேயாண்டி மனைவி ஒச்சாயி என்று எழுதி முடித்தேன். நல்ல பெயராகத்தான் இருக்கிறது, எழுதிப் பார்த்தால்.

இதைக் காட்டினால் அவர்கள் நம்பாமலும் போகலாம், இதெல்லாம் ஒரு காரணமா, மாட்டுக்காகப் பரீட்சையை விட்டார்களா என்று சிரிக்கவும் செய்யலாம், அதனால் இடம் கிடைக்காமலே போகலாம். காமாலை என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்று சுருளியும் சொல்கிறான். முடிவு உன்னுடையதுதான், நான் உனக்குப் பாடம் சொல்லும் தகுதியில் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உனக்குக் காமாலை வந்ததே இல்லை, பொய் வந்தது என்னிடமிருந்து. இன்னொரு பொய்யை வாங்கி உன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இடம் கிடைக்கவில்லை என்றால் யார் கேட்டாலும் என் பெயரைச் சொல், அடுத்த வருஷம் மறுபடியும் எழுது, பதினோராவது இடம் வாங்கின தலை எங்கேயும் போய்விடாது.

மற்றபடி வீட்டுச் செய்தி, கிணற்றில் தண்ணீர் இன்னும் முழங்கால் அளவு இருக்கிறது, இந்த வறட்சியிலும் கத்தரிச் செடி பிழைத்துக்கொண்டது. செவலை போனபிறகு இன்னொரு காளை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா போன வாரம் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார், வாங்காமல் விடமாட்டார். சுருளி பெண்டாட்டிக்கு இது ஐந்தாம் மாதம், மாங்காய் ஊறுகாய் ஜாடியை அவளிடமிருந்து ஒளித்து வைக்கவேண்டியிருக்கிறது. உனக்கும் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சப்பாத்தியை மட்டும் தின்றுகொண்டிருக்காதே, வாரத்துக்கு இரண்டு நாளாவது சோறு வடித்துச் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி. இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டு, அதில் நீ பெரிய மனுஷியாகத் தெரிவாய். கறுப்புக் கோட்டுப் போட்டு நீ போட்டோ எடுத்து அனுப்பினால் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டார் உன் அப்பா. எதிர்வீட்டு ஆள் எதற்கு ஆணி என்று கேட்டால் பொறு, பொறு என்கிறார்.

இந்தக் கடிதத்தைச் சுருளி நாளைக்கு மதுரைக்குக் கொண்டுபோய் ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறான். கிடைத்ததும் இரண்டு வரியாவது எழுது. என்மேல் கோபம் இருந்தால் அதையும் சேர்த்து எழுது, முழுதாக எழுது, அப்பாவைப் படிக்கச் சொல்லாமல் நானே தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். அம்மன் உனக்கு நல்ல நாக்கையும் நல்ல காலத்தையும் கொடுத்து, நூறு வயசு வாழவைக்கட்டும். அப்பாவும், மாமனும், சுருளியும், வயிற்றுப்பிள்ளையோடு அவன் பெண்டாட்டியும் உனக்கு ஆசீர்வாதமும் அன்பும் சொல்லச் சொன்னார்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. அந்த இன்டர்வியூவில் இந்தத் தாளைப் படித்துவிட்டு, பெற்ற தாயே மகளுக்கு இப்படிப் பொய்த் தந்தி கொடுப்பாளா என்று உன்னைக் கேட்பார்கள். எனக்காக நீ தலை குனியாதே, என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை தேடாதே. நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம், கொடுத்தாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ஒச்சாயி